அது கண்ணடிப்பு இல்லை, வியர்வைத் துளி

கேள்வி: ஒசாகாவில் இருக்கும் ஒரு பெண்மணியோடு சேர்ந்து வேலை பார்க்கிறேன். போன வாரம் நான் ஒரு ஃபைலை அனுப்பத் தாமதமாகிவிட்டது. "நாளைக்குள் கிடைக்குமா?" என்று கேட்டு, கடைசியில் (^_^;) போட்டிருந்தார். சிரித்துக்கொண்டே கண்ணடிக்கிற மாதிரி இருக்கிறது. கிண்டல் செய்கிறாரா? ஃபைலை மட்டும் அனுப்பினேன், பதில் எழுத மனசு வரவில்லை.

பதில்: கிண்டலே இல்லை, நிம்மதியாக இருங்கள். நீங்கள் கண்ணடிப்பு என்று எடுத்துக்கொண்ட அந்த அரைப்புள்ளி, நெற்றியோரம் வழியும் வியர்வை. ஜப்பானின் மாங்கா படக்கதைகளில் யாராவது சங்கடத்தில் நெளிந்தால் முகத்தோரம் பெரிதாக ஒரு சொட்டு வரைவார்கள், அதேதான். நாம் "அசடு வழியுது" என்கிறோமே, அங்கே அது எழுத்திலேயே வழிகிறது. "அவசரப்படுத்துறேன், தப்பா நினைக்காதீங்க" என்று தலையைச் சொறிந்தபடி கேட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

நமக்குப் பழகியது அமெரிக்க வழக்கம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஃபால்மன், வேடிக்கைக்குச் சொன்னதை யாரும் நிஜமென்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக 1982 செப்டம்பர் 19 அன்று :-) போடச் சொன்னார். அதைத் தலை சாய்த்துப் படிக்க வேண்டும், சிரிப்பும் சோகமும் வாயில்தான் தெரியும், ;-) என்றால் கண்ணடிப்பு. ஜப்பானின் கவோமோஜி, அதாவது எழுத்தும் குறியும் சேர்த்துப் போடும் முகம், நேராக நிற்கும், வாய் பெரும்பாலும் வெறும் கோடு, கண்தான் பேசும்: ^_^ மகிழ்ச்சி, ;_; அழுகை. ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் மசாகி யூகி குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்விலும், முகத்தைப் பார்த்து உணர்ச்சியைக் கணிக்கும்போது ஜப்பானியர் கண்ணையும் அமெரிக்கர் வாயையும் அதிகம் கவனித்தார்கள். (நாளைக்கே தாய்லாந்துக்காரர் ஒருவர் 555 என்று அனுப்பினால் திகைக்காதீர்கள், அவர்கள் மொழியில் ஐந்துக்கு 'ஹா', மனுஷர் சிரிக்கிறார்.)

எனக்குக் கவலையெல்லாம் நீங்கள் பதில் எழுதாமல் விட்டதில்தான். கூச்சப்பட்டுக் கேட்டவருக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை என்றால், கோபப்படுத்திவிட்டோமோ என்று அவர் அங்கே தவித்துக்கொண்டிருக்கலாம். இன்றைக்கே எழுதுங்கள். தாமதத்துக்கு மன்னிப்பு கேட்டு (_ _) போட்டு, இரண்டு பக்கமும் ஆங்கில எம் எழுத்தைச் சின்னதாக வையுங்கள். தரையில் ஊன்றிய இரண்டு கைகள், நடுவில் குனிந்த தலை. பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிடும். அப்புறம், அவருடைய மேலாளருக்கும் நகல் போகிற மெயிலில் மட்டும் இது வேண்டாம், அதில் வார்த்தையிலேயே கேட்டுவிடுங்கள்.