பறவை பார்க்கக் கூட்டிப்போன பிள்ளைகள் இரண்டாம் முறை வருகிறார்கள் இல்லை, என்ன செய்யலாம்?

மட்டக்களப்பில் பாடசாலைக் கழகம் ஒன்று தொடங்கி, முதல் பயணமே வான் பிடித்துக் குமணவுக்குப் போய்வந்தீர்கள், அடுத்த பயணத்துக்கு முக்கால்வாசிப் பேர் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைகளில் பிழை இல்லை. தொடங்கிய இடத்தில்தான் பிழை.

குமணவை நான் குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். 1938இல் இருந்து பறவைகள் சரணாலயம் அது. சித்திரை தொடங்கி ஆடி வரை வில்லுப் பக்கம், அதாவது அங்குள்ள சதுப்புக் குளத்துப் பக்கம், மஞ்சள்மூக்கு நாரையும் கரண்டிவாயனும் கூடு வைக்கும். ஆனால் உள்ளே நுழைகிற ஒக்கந்தை வாசலைத் தாண்டினால் ஜீப்பை விட்டு நினைத்த இடத்தில் இறங்க முடியாது. பறவை இடப்பக்கம் என்றால் வலப்பக்கம் இருக்கிற பிள்ளைக்கு முதுகுகள்தான் தெரியும். ஒரே நாளில் ஐம்பது பெயர் காதில் விழுந்தால் ஒன்றும் மனதில் நிற்காது. குமண இரண்டாம் வருடத்துக்கு இருக்கட்டும்.

முதல் பயணம் பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட இருக்கிற வட்டைக்கு (வயல்வெளிக்கு) அல்லது குளக்கட்டுக்கு. காலை 6 மணிக்கு அங்கே நிற்க வேண்டும், 8 மணிக்கு முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு வெயிலில் தூரத்துப் பறவை அலையலையாய் ஆடும், நிறம் பிடிபடாது. எட்டுப் பேருக்கு மேல் கூட்டிப்போக வேண்டாம். வெள்ளைப் பள்ளிச் சீருடையும் வேண்டாம், மங்கிய பச்சை, மண் நிறம் நல்லது.

வெயில் உங்கள் முதுகில் பட வேண்டும். வாவியைக் காலையில் கிழக்குப் பக்கத்து எழுவான்கரையில் நின்று மேற்கே பாருங்கள், பின்னேரம் மேற்குப் பக்கத்துப் படுவான்கரையில் நின்று கிழக்கே பாருங்கள். மாறி நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். தண்ணீர் விளிம்பில் பிள்ளைகளை இறக்க வேண்டாம், வாவியில் முதலை உண்டு. உன்னிச்சைக் குளத்துப் பக்கம் போவதென்றால், யானை நிற்கிறதா என்று வயல்காரரிடம் கேட்காமல் விடியற்புறம் உள்ளே போகவே கூடாது.

முதல் பாடமாகக் கொக்கு மட்டும் போதும். பெரும்போக உழவு நேரம் உழவு மெசினுக்குப் பின்னால் வெள்ளையாய் இறங்குவதை எல்லாம் கொக்கு என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள். அதில் நாலு வகை இருக்கிறது. மாட்டோடு திரிகிற, கழுத்து குட்டையான, மஞ்சள் அலகுக்காரன் உண்ணிக்கொக்கு. அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக்கொக்கு. சேற்றில் நிற்கும்போது பாதம் தெரியாது, எழும்பிப் பறக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு காலைச் சேற்றில் நடுங்கவிட்டு மீனைக் கிளப்புவதும் அதன் பழக்கம். பெரிய கொக்குக்கும் நடுத்தரக் கொக்குக்கும்தான் எல்லோரும் தடுமாறுவது. வாய்ப் பிளவின் கோட்டைப் பாருங்கள்: கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரியது, கண்ணுக்கு நேர்கீழே நின்றால் நடுத்தரம். கூடு வைக்கும் காலத்தில் பெரியதன் அலகு கறுத்துவிடும், அதனால் அலகின் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. இந்த நாலையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளை அடுத்த சனிக்கிழமை தானாக வரும். சேற்றோரம் ஓடித் திரிகிற சின்ன உள்ளான் வகைகளை முதல் நாள் தொடவே வேண்டாம்.

கமரா வாங்கக் காசு சேர்க்கிறோம் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தக் காசுக்கு 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ.) பைனாகுலர் இரண்டு வாங்குங்கள். 10 மடங்கு பிள்ளைகளின் கையில் ஆடும். முன்கண்ணாடி சிவப்பாய் மின்னுகிற, 100 மடங்கு என்று எழுதி விற்கிற சாமான் விளையாட்டுப் பொருள். வாங்கியதும் வலது முன்வில்லையைக் கையால் மூடி, தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை இடக்கண்ணால் பார்த்து நடுச்சில்லைத் திருப்புங்கள். எழுத்துத் தெளிந்ததும் இடதை மூடி, வலது கண்பக்க வளையத்தை மட்டும் திருப்புங்கள். பிறகு நடுச்சில்லு மட்டும் போதும். கைமாறும்போது அந்த வளையமும் மாற வேண்டும், ஒவ்வொரு பிள்ளையும் தன் அளவை நினைவில் வைக்கட்டும். மூக்குக்கண்ணாடி போட்டவர் கண் வைக்கிற பக்கத்து ரப்பர் விளிம்பை இறக்காவிட்டால் சுற்றிவரக் கறுப்பு வளையம்தான் தெரியும். பறவையில் இருந்து கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். குனிந்து அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை போயிருக்கும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். நீட்டுக் கமராவோடு வருகிற சிலர், கூடு மறைக்கிறது என்று கிளையை வெட்டுகிறார்கள். போனில் குரலைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே இழுக்கிறார்கள். படம் எடுப்பவர் எல்லோரும் இப்படி இல்லை, தெரியும். ஆனால் தாய் எழும்பிப்போன கூட்டில் வெயில் நேரே விழுந்தால் குஞ்சு கொஞ்ச நேரத்தில் வாடிவிடும், மிச்சத்தைக் காகம் முடித்துவிடும். மறைப்புப் போன கூடு அந்தப் பருவம் முழுக்கத் திறந்தே கிடக்கும். உங்கள் பிள்ளைகளுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவையுங்கள்: கூட்டைக் கண்டால் பின்வாங்க வேண்டும், இடத்தை முகநூலில் போடக் கூடாது.

ஆளுக்கொரு சின்னக் கொப்பி கொடுங்கள். திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், நடந்த தூரம், வகை, எண்ணிக்கை. தெரியாத பறவைக்குப் பெயர் போடாமல் அலகு, கால், வால் வரைந்தால் போதும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு வருடந்தோறும் தை மாதம் நடக்கும். ஐப்பசியில் தொடங்கி இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒரே குளத்துக்குப் போனால், அதற்குள் அந்தக் குளத்துப் பறவையை உங்கள் பிள்ளைகளே எண்ணிவிடுவார்கள்.