ராப் ராய் கலக்குவது எப்படி? கேட்டவர்களுக்குப் பதில்

ஸ்காட்ச் விஸ்கியும் இனிப்பு வெர்மூத் என்ற மூலிகை ஒயினும் சேரும் ராப் ராய் காக்டெயில் பற்றிக் கேளுங்கள். ஒரே கேள்வி பலரிடமிருந்து வந்தால் முதலில் கேட்டவருக்கு மட்டுமே விரிவான பதில்.

கேள்வி: அளவும் செய்முறையும் சொல்லுங்கள்.

பதில்: 60 மி.லி. ஸ்காட்ச், 30 மி.லி. இனிப்பு வெர்மூத், அங்கோஸ்துரா பிட்டர்ஸ் (கசப்பு மூலிகைச் சாறு) இரண்டு உதறல். பெரிய ஐஸ் கட்டிகள் நிறைந்த கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, நீளக் கரண்டியால் 30 விநாடி கலக்குங்கள். கரண்டியின் முதுகு குடுவைச் சுவரை ஒட்டியே சுற்றிவர வேண்டும். ஐஸ் முழுவதும் ஒன்றாகச் சுழல வேண்டும். கடகடவென்று சத்தம் வந்தால் கட்டிகளை இடித்து நொறுக்குகிறீர்கள் என்று பொருள். முன்பே குளிர வைத்த கோப்பையில் வடித்து, ஒரு செர்ரி போடுங்கள். திறந்த வெர்மூத் பாட்டில் பிரிட்ஜுக்குள் போகட்டும்.

கேள்வி: ஏன் இந்தப் பெயர்?

பதில்: 1894இல் நியூயார்க்கின் வால்டார்ஃப் ஓட்டலில் பிறந்தது என்பார்கள். அதே ஆண்டு அந்த நகரில் மேடையேறிய ஓர் இசை நாடகத்தின் பெயர் அது.

கேள்வி: மன்ஹாட்டன் காக்டெயிலும் இதுவும் ஒன்றுதானே?

பதில்: அங்கே ரை அல்லது போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி. இங்கே ஸ்காட்ச்.

கேள்வி: புகை மணம் தூக்கலான ஐலா (ஸ்காட்லாந்துத் தீவு) விஸ்கியில் செய்யலாமா?

பதில்: வெர்மூத் காணாமல் போய்விடும். பல விஸ்கிகள் கலந்த நல்ல பிளெண்டட் ஸ்காட்ச் போதும். புகை வேண்டுமென்றால் அந்த 60 மி.லி.யில் 5 மட்டும் ஐலாவாக இருக்கட்டும்.

கேள்வி: ஆறு மாதமாக அலமாரியில் இருந்த வெர்மூத் புளிக்கிறது. போலிச் சரக்கா?

பதில்: இல்லை, கெட்டுவிட்டது. வெர்மூத் என்பது மூலிகை சேர்த்து, ஆல்கஹால் கூட்டிய திராட்சை ஒயின். 15 முதல் 18 சதவீத ஆல்கஹால் இருப்பதால் சாதாரண ஒயினைவிடக் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். பிரிட்ஜில் ஒன்றிரண்டு மாதம் வரும். சிறிய பாட்டிலாக வாங்குங்கள்.

கேள்வி: ஐஸ் கரைந்து நல்ல விஸ்கியை நீர்க்கச் செய்கிறது. எஃகுக் கட்டிகளை உறைய வைத்துப் பயன்படுத்தினால் என்ன?

பதில்: குளிராது. ஒரு கிராம் ஐஸ் உருகும்போது 80 கலோரி வெப்பத்தை உறிஞ்சுகிறது. மைனஸ் 18 பாகையில் இருக்கும் ஒரு கிராம் எஃகு, பூஜ்ஜியத்துக்கு வருவதற்குள் உறிஞ்சுவது சுமார் 2 கலோரி. அதாவது 100 கிராம் எஃகு செய்கிற வேலையை 3 கிராம் ஐஸ் உருகியே முடித்துவிடும். குளிர்ச்சி வருவதே உருகுவதால்தான். ஒன்றை விட்டு மற்றொன்று கிடைக்காது.

கேள்வி (அதே நண்பர்): ஏற்க மாட்டேன். பாட்டில்களையே ஃப்ரீசரில் வைத்தால் ஐஸே தேவையில்லையே?

பதில்: குளிரும், உண்மை. ஆனால் கலவை 32 சதவீத ஆல்கஹாலோடு அப்படியே நிற்கும். ஐஸில் கலக்கும்போது இருபது, இருபத்தைந்து மி.லி. தண்ணீர் சேர்ந்து அது 26 அளவுக்கு இறங்குகிறது. தொண்டைக் காந்தல் அடங்கி, மால்ட்டும் (விஸ்கியின் முளைகட்டிய பார்லி மணம்) மூலிகையும் மூக்குக்கு எட்டுவது அந்த நிலையில்தான். தண்ணீரைக் கலப்படம் என்று நினைப்பதை விடுங்கள். அது இந்தப் பானத்தின் நான்காவது பொருள்.

கேள்வி (வேறொருவர்): அப்படியானால் தண்ணீரையும் அளந்து ஊற்றிக் குளிர வைத்தால்?

பதில்: இதைத்தான் அவர் கேட்டிருக்க வேண்டும்! தாராளமாகச் செய்யலாம். விருந்துக்கு அதுதான் வசதி. ஒரு கோப்பைக்கு 22 மி.லி. தண்ணீர் சேர்த்துப் பாட்டிலில் அடைத்துப் பிரிட்ஜில் வையுங்கள். பரிமாறுவதற்கு முன் ஒன்றிரண்டு மணி நேரம் ஃப்ரீசர். இரவு முழுக்க அங்கேயே விட்டால் பனிக்கூழாகிவிடும்.

கேள்வி (எஃகு நண்பர்): தண்ணீர் ஊற்றுவதை மனம் ஒப்பவில்லை.

பதில்: உங்கள் கோப்பை, உங்கள் தொண்டை.

கேள்வி: குலுக்கலாமா?

பதில்: கூடாது. காற்றுக் குமிழி புகுந்து கலங்கிவிடும்.

கேள்வி: குலுக்கினால் சீக்கிரம் குளிருமே?

பதில்: மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கேள்வி: வெர்மூத்தை வெளியே வைக்கலாமா?

பதில்: பிரிட்ஜ்.

கேள்வி: எனக்கு இனிப்பு அதிகம். விஸ்கியைக் கூட்டவா?

பதில்: வேண்டாம். 15 இனிப்பு வெர்மூத், 15 உலர் (இனிப்புக் குறைந்த) வெர்மூத் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பர்ஃபெக்ட் ராப் ராய் என்பது அதுதான். செர்ரிக்குப் பதில் எலுமிச்சைத் தோலைக் கோப்பைக்கு மேலே பிடித்து முறுக்கினால், எண்ணெய் பொடிப்பொடியாகத் தெறித்துப் பானத்தின் மேல் படியும். தோலின் வெள்ளைப் பகுதியைச் சீவி எடுத்துவிடுங்கள், கசக்கும்.