மூன்று வாரமாக ஓடுகிறேன், வெறுப்பாகவே இருக்கிறது. ஓட்டத்தை ரசிக்க முடியுமா?

முடியும். ஆனால் நீங்கள் இப்போது ஓடும் வேகத்தில் முடியாது.

கேள்வியில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது: "இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, நெஞ்சு வெடித்துவிடும் போல் இருக்கிறது, நின்றுவிடுகிறேன்." எனக்கும் அப்படித்தான் இருந்தது. அப்போது எனக்கு 41 வயது. வங்கி வேலை, நாள் முழுக்க நாற்காலி. இன்றைக்கு வாரத்தில் நான்கு நாள் ஓடுகிறேன். ஓடாத நாளில் பல் விளக்காமல் வெளியே கிளம்பிய மாதிரி இருக்கிறது. நடுவில் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. ஓட்டம் நமக்கெல்லாம் எப்படி அறிமுகமானது என்று யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கு லேட்டாக வந்தால் கிரவுண்டை மூன்று சுற்று. ஹோம்வொர்க் முடிக்கவில்லையா, மூன்று சுற்று. வெயிலில், யூனிஃபார்மோடு, மற்ற பிள்ளைகள் வேடிக்கை பார்க்க. தண்டனையாக இல்லாமல் ஓடியது என்றால் ஸ்போர்ட்ஸ் டே பந்தயத்தில்தான். அதில் ஜெயிக்கிற நான்கு பேரைத் தவிர எல்லோரும் கைதட்டத்தான் போவோம். என்னைப் போன்ற பெண்பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்போடு அதுவும் போயிற்று. வயசுக்கு வந்த பிள்ளைக்கு என்ன ஓட்டம் என்று வீட்டில் சொன்னார்கள், நானும் நின்றுவிட்டேன். ஆக, 41 வயதில் ஷூ வாங்கி மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியபோது என் கால்களுக்கு இரண்டே வேகம்தான் தெரியும். ஒன்று வாத்தியார் விரட்டும் வேகம், இன்னொன்று பந்தய வேகம். சும்மா, நமக்காக, சுகமாக ஓடுவது என்று ஒரு வேகம் இருக்கிறதென்று யாரும் எனக்குக் காட்டியதே இல்லை. உங்களுக்கும் காட்டியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீடு மதுரையில் தெப்பக்குளத்துக்குப் பக்கம். திருமலை நாயக்கர் 1645இல் வெட்டிய குளம். ஏறக்குறைய 1000 அடி நீளம், 950 அடி அகலம். ஒரு முறை சுற்றி வந்தால் 1.2 கிலோமீட்டர் ஆகும். விடியற்காலையில் அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள் எல்லாம் அங்கே நடந்துகொண்டிருப்பார்கள். நான் மாரியம்மன் கோயில் பக்கத்திலிருந்து கிளம்புவேன், முதல் மூலை திரும்புவதற்குள் மூச்சு முட்டிவிடும். விலாவில் குத்தும். படிக்கட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மறுபடி ஓடுவேன், மறுபடி நிற்பேன். வீட்டுக்கு வந்தால் எரிச்சல், ஆபீசில் தூக்கம். உங்களைப் போலவே மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

அந்தச் சமயம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மதினி வந்து ஒரு வாரம் தங்கியிருந்தார். அண்ணன் மனைவி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தோட்ட வேலை செய்த உடம்பு, நடை ரொம்ப வேகம். "நானும் வாரேன், வீட்டுல சும்மா உக்காந்திருக்க முடியல" என்று கூடவே கிளம்பிவிட்டார். அவரைத் தனியே விட்டுவிட்டு முன்னால் ஓட மனசு வரவில்லை. அதனால் அவர் நடக்கும் வேகத்துக்கே பக்கத்தில் குதித்துக் குதித்து ஓடினேன். அவர் பேத்திக்குக் காது குத்திய கதையைச் சொன்னார். நான் ஆபீஸ் கதையைச் சொன்னேன். பேசிக்கொண்டே போனதில் கிளம்பிய இடத்துக்கே திரும்ப வந்துவிட்டோம். மதினிதான் கேட்டார்: "ஏத்தா, ஓடிக்கிட்டே இம்புட்டுக் கதை சொல்றியே, உனக்கு மூச்சு வாங்கலையா?"

வாங்கவில்லை. முழுச் சுற்று, ஒரு தடவைகூட நிற்காமல். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று வாரமாக என் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோளாறு வேகத்தில்தான் இருந்தது.

அந்த ஒரு வாரமும் மதினியோடுதான் ஓடினேன். அவர் ஊருக்குப் போன பிறகும் அவர் பக்கத்தில் வருவதாக நினைத்துக்கொண்டு, அவ்வப்போது வாய்விட்டு ஒரு வாக்கியம் பேசிப் பார்ப்பேன். முழு வாக்கியத்தையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் சரியான வேகம். நடுவில் வார்த்தை உடைந்தால் வேகம் அதிகம், உடனே குறைத்துவிடுவேன். கைக்கடிகாரம் எதுவும் வேண்டாம், இதைவிட நல்ல கருவியை நான் இதுவரை பார்க்கவில்லை. நடப்பவர்கள் நம்மைத் தாண்டிப் போவார்கள். போகட்டும். முதல் இரண்டு மாதம் எனக்கு அது தினமும் நடந்தது.

பெரிய பெரிய ஆட்களுக்கே இந்த வேகம் தெரியாமல் இருந்திருக்கிறது என்று பிற்பாடு படித்தபோது ஆறுதலாக இருந்தது. பில் பவர்மன் என்று அமெரிக்காவில் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் தடகளப் பயிற்சியாளர். பின்னாளில் நைக்கி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். அவர் 1962 கடைசியில் நியூசிலாந்துக்குப் போயிருந்தார், ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்சியாளரைப் பார்க்க. லிடியார்டின் மாணவர்களான பீட்டர் ஸ்னெல், மரே ஹால்பெர்க் இருவரும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் தங்கம் வாங்கியவர்கள். ஆனால் லிடியார்ட் வீரர்களோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஆக்லாந்தில் நடுத்தர வயதுக்காரர்களையும் இதய நோய் கண்டவர்களையும்கூடப் பேசிக்கொண்டே மெதுவாக ஓடப் பழக்கியிருந்தார். பவர்மனையும் ஒரு நாள் அந்தக் கூட்டத்தோடு ஓடக் கூட்டிப்போனார். ஐம்பதைத் தாண்டியிருந்த பவர்மன் ஏற்றத்தில் திணறிப் பின்தங்கிவிட்டார். எழுபது வயதுக்கு மேற்பட்ட, மாரடைப்பிலிருந்து மீண்ட ஒரு பெரியவர் தன் வேகத்தைக் குறைத்து அவரோடு பேசியபடியே கூட ஓடினாராம். ஊர் திரும்பிய பவர்மன் 1963இல் சாதாரண மக்களுக்கு மெதுவோட்டம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அமெரிக்காவில் ஜாக்கிங் பரவியதற்கு அது ஒரு பெரிய காரணம். ஊருக்கே ஓட்டம் சொல்லிக்கொடுத்த மனிதருக்கும் பக்கத்தில் ஒரு மதினி தேவைப்பட்டிருக்கிறார் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

மெதுவாக ஓடினால் மட்டும் ஏன் சுகமாக இருக்கிறது என்பதற்கு உடம்புக்குள்ளேயே காரணம் இருக்கிறது. ஓட ஆரம்பித்ததும் தசைகள் உடனே அதிக ஆக்சிஜன் கேட்கும். இதயமும் நுரையீரலும் அதைக் கொண்டுவந்து சேர்க்கச் சில நிமிடம் பிடிக்கும். அந்த இடைவெளிதான் நமக்குத் தெரியும் திணறல். அதனால் முதல் பத்து நிமிடத்தை வைத்து ஓட்டத்தை எடை போடாதீர்கள். எனக்கு இன்றைக்கும் முதல் சுற்று பிடிக்காது, இரண்டாவது சுற்றில்தான் உடம்பு இளகும். அதற்கும் பிறகு, மிதமான வேகத்தில் தொடர்ந்து ஓடும்போது, ரத்தத்தில் ஆனந்தமைடு என்ற ஒரு பொருள் கூடுகிறது. 1992இல் மூளையில் அதைக் கண்டுபிடித்தவர்கள் நம்முடைய 'ஆனந்தம்' என்ற சொல்லுக்கு மூலமான சமஸ்கிருதச் சொல்லிலிருந்தே அதற்குப் பெயர் வைத்தார்கள். ஓட்டக்காரர்கள் சொல்லும் அந்த மிதப்புக்கு இது ஒரு காரணம் என்கிறார்கள். எனக்கு அது பத்து ஓட்டத்தில் இரண்டில் வரும். அதற்காகக் காத்துக்கொண்டே ஓடினால் வராது.

சரி, எப்படி ஆரம்பிப்பது? ஓட்டமும் நடையும் கலந்துதான். ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1996இல், ஐம்பதுகளில் இருந்த தன் அம்மாவை மனதில் வைத்து 'கவுச் டு 5கே' (சோபாவிலிருந்து 5 கிலோமீட்டருக்கு) என்று ஒரு திட்டம் போட்டார். ஒன்பது வாரம், வாரத்துக்கு மூன்று நாள். முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் வேகமாக நடந்துவிட்டு, அப்புறம் ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம். அவ்வளவுதான். நான் அதைப் பிடித்துக்கொண்டேன், ஆனால் ஒன்பது வாரத்தில் முடிக்கவில்லை. 17 வாரம் எடுத்துக்கொண்டேன். ஒரு வாரத்துப் பாடம் கஷ்டமாக இருந்தால் மறு வாரமும் அதையே செய்தேன். யாரும் கேட்கப் போவதில்லை.

ஒரு தப்பு செய்தேன், அதை நீங்கள் செய்ய வேண்டாம். பிடித்துப்போய்விட்டதே என்று மூன்று நாளை ஒரேயடியாக ஆறு நாளாக்கினேன். இரண்டே வாரத்தில் முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பையொட்டி வலி. காலைத் தொட்டாலே உயிர் போகும். மூன்று வாரம் ஓட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். மூச்சு சில வாரத்திலேயே பழகிவிடும், ஆனால் எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்கில் ஆகும். "இன்னும் ஓடலாம்" என்று மூச்சு சொல்லும்போது கால் தயாராக இருக்காது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடுங்கள், அது போதும்.

மூட்டு தேய்ந்துவிடும் என்று சொல்ல ஆள் வருவார்கள். எனக்குச் சொந்தத்திலேயே ஏழெட்டுப் பேர் சொன்னார்கள். பொழுதுபோக்காக, அளவோடு ஓடுபவர்களுக்கு உட்கார்ந்தே இருப்பவர்களைவிட மூட்டுத் தேய்மானம் குறைவாகத்தான் இருக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதே சமயம் உங்களுக்கு பிரஷர், சுகர் இருந்தாலோ, ஓடும்போது நெஞ்சில் வலியோ தலைச்சுற்றலோ வந்தாலோ, முதலில் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். அதில் தயக்கமே வேண்டாம்.

இனி, ரசிப்பதைப் பற்றி. நீங்கள் கேட்டது அதைத்தானே.

மூச்சு சண்டை போடாமல் இருந்தால்தான் கண்ணும் காதும் திறக்கும். அதுவரை மூன்று வாரம் அந்தக் குளத்தைச் சுற்றியும் நான் குளத்தைப் பார்க்கவே இல்லை. மெதுவாக ஓட ஆரம்பித்த பிறகுதான் நடுவில் இருக்கும் மைய மண்டபத்தின் மேல் முதல் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று தெரிந்தது. தை மாதத்தில் ஒரு பக்கம், ஆடியில் வேறு பக்கம். குளத்தில் தண்ணீர் இருக்கும்போது காற்றில் ஒரு குளிர்ச்சி வரும், குளத்தை விட்டு விலகி ஒரு தெருவுக்குள் திரும்பினாலே அது நின்றுவிடும். பருத்திப்பால் வண்டிக்காரர் அடுப்பு பற்றவைப்பது, கோயில் மணி, பால் பாக்கெட் கூடைகளை இறக்கும் சத்தம், காலடியில் சரளை நெரிகிற சத்தம். முதல் சுற்றில் இருட்டாக இருந்த தெரு மூன்றாவது சுற்றில் முகங்களாகிவிடும். எதிரில் நடந்து வரும் ஓர் அம்மா தினமும் என்னைப் பார்த்துக் கையை உயர்த்துவார். பெயர் தெரியாது, நான்கு வருடப் பழக்கம். இரண்டு நாள் அவரைக் காணாவிட்டால் எனக்குக் கவலையாகிவிடும்.

பாட்டு கேட்டுக்கொண்டு ஓடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் காதில் எதுவும் மாட்டுவதில்லை. பாதுகாப்பு ஒரு காரணம். பின்னால் வண்டி வருவது தெரிய வேண்டும். இன்னொரு காரணம், நாள் முழுக்க யாராவது என்னிடம் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், இந்த நாற்பது நிமிடம்தான் யாரும் பேசாத நேரம். முதல் நாள் கவுண்டரில் நடந்த ஒரு வாக்குவாதம் மனதில் கிடந்து உறுத்தும். இரண்டாவது சுற்றில் அது தானாகவே சின்னதாகிவிடும். எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் நடக்கிறது.

நம் ஊர் வெயில் பற்றி: சித்திரை, வைகாசியில் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுங்கள், ஆறரைக்கு முடித்துவிடுங்கள். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் வேர்வை காயாது, உடம்புச் சூடும் இறங்காது. அன்றைக்கு அதே வேகம் இரண்டு மடங்கு கஷ்டமாகத் தெரியும். அதை உங்கள் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடாதீர்கள், நடைக்கு மாறி உங்கள் பாட்டுக்குக் கடந்து போய்விடுங்கள். பெண்ணாக இருந்தால் நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா ஒன்றுக்குச் செலவு செய்யுங்கள், ஷூவுக்குச் சமமான அவசியம் அது. நான் ஆறு மாதம் சுடிதாரும் ஷூவுமாகத்தான் ஓடினேன், துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொண்டு. முறைத்துப் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஒரு மாதத்தில் அவர்களுக்கும் பழகிவிட்டது.

மற்றவர்களோடு ஓட ஆசை வந்தால் ஆரோவில்லுக்குப் போய்ப் பாருங்கள். 2008இலிருந்து பிப்ரவரி மாதத்தில் அங்கே ஒரு மாரத்தான் நடக்கிறது. ஓடும் மகிழ்ச்சிக்காகவே ஓடுவது என்பதுதான் அதன் நோக்கம். மரங்களுக்கு நடுவே செம்மண் பாதை. நான் அங்கே 10 கிலோமீட்டர் ஓடினேன், இருட்டில் கிளம்பி, நடுவில் வெளிச்சம் வந்து. மதினியையும் கூட்டிப்போயிருந்தேன். அவர் முழுத் தூரத்தையும் நடந்தே வந்தார், எனக்குப் பதினைந்து நிமிடம் பின்னால்.

நீங்கள் இந்த வாரம் ஒன்றே ஒன்று செய்து பாருங்கள். வேகமாக நடக்கிற ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள், அம்மாவோ பக்கத்து வீட்டு அக்காவோ. அவர் நடக்கட்டும், நீங்கள் அவர் பக்கத்திலேயே ஓடுங்கள். ஏதாவது நீளமான கதையாகப் பேசுங்கள். எப்படி இருந்தது என்று இங்கே கீழே எழுதுங்கள், நான் பார்ப்பேன்.