சனிடைசர் இருந்தால் சவர்க்காரம் தேவையில்லையா? எதைப் பார்த்து வாங்குவது?

சனிடைசர் என்பது கையிலுள்ள கிருமிகளைக் கொல்லும் அற்ககோல் திரவம். சவர்க்காரமோ கிருமியை அழுக்கோடும் எண்ணெயோடும் சேர்த்துத் தோலிலிருந்து கிளப்பி, தண்ணீரோடு அனுப்பிவிடும். அதனால் வெள்ளவத்தைச் சந்தையில் மீன் பிடித்துப் பார்த்த கையில் சனிடைசர் பூசுவது, தூசி தட்டாத சுவருக்குப் பெயின்ட் அடிப்பது மாதிரி. பூச்சு சுவரைத் தொடவே தொடாது. வாந்தி, வயிற்றோட்டம் பரப்பும் நோரோ வைரசும் சனிடைசருக்கு லேசில் அடங்காது. குழாய் இருந்தால் சவர்க்காரம், 20 செக்கன். காலி வீதி பஸ்ஸில் கம்பியைப் பிடித்து வந்த கைக்கு, தண்ணீர் கிடைக்காவிட்டால், சனிடைசர் போதும்.

வாங்கும்போது வாசனையை விடுங்கள், லேபலைப் பாருங்கள். எதனோல் அல்லது ஐசோபுரொப்பைல் அற்ககோல் குறைந்தது 60 சதவீதம் இருக்க வேண்டும். மெதனோல் என்றிருந்தால் கிட்டவும் போகாதீர்கள்: தோலூடாகவும் உடம்பில் ஏறும், வாய்க்குள் போனால் கண்பார்வையையும் உயிரையும் பறிக்கும். லேபல் இல்லாத போத்தல் எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். (சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் பழ வாசனை வகைகளையும் நான் வாங்கமாட்டேன்.)

"100 சதவீதம் என்றால் இன்னும் திறம்தானே?" என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, கிருமியின் புரதத்தைக் குலைக்கக் கொஞ்சம் தண்ணீரும் வேண்டும், வெறும் அற்ககோல் அதற்குள் ஆவியாகிவிடும்.