துபாயில் வேலை பார்க்கும் இந்தியர் ஊரில் தென்னந்தோப்பு வாங்கலாமா?

வாங்க முடியாது. வெளிநாடுவாழ் இந்தியர் இந்தியாவில் வீடு, ஃபிளாட், கடை, வீட்டு மனை எல்லாம் எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு இந்த மூன்றுக்கு மட்டும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் (ஃபெமா) தடை போடுகிறது. பாஸ்போர்ட் இந்தியாவுடையதாக இருந்தாலும் இதே கதைதான்.

ஆனால் அப்பாவின் தோப்பு வாரிசாக உங்களுக்கு வந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். விற்கும்போது, இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க முடியும். "தம்பி பேரில் வாங்கிப் போடுகிறேன்" என்று சிலர் கிளம்புவார்கள். பணம் உங்களுடையது, பத்திரம் தம்பியுடையது என்றால் அது பினாமி சட்டத்தில் மாட்டும். தம்பிக்கு மனசு மாறினால் என்ன செய்வீர்கள் என்பது தனிக் கேள்வி!

சரி, வீடோ மனையோ வாங்குகிறீர்கள் என்றால், பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள்: வெளிநாட்டிலிருந்து நேரடியாக அனுப்பலாம், அல்லது இந்திய வங்கியில் உள்ள உங்கள் என்ஆர்இ (வெளிநாட்டுச் சம்பாத்தியம் போடும் கணக்கு), என்ஆர்ஓ (இந்தியாவில் வரும் வருமானம் போடும் கணக்கு) கணக்கிலிருந்து கொடுக்கலாம். திர்ஹாம் நோட்டாகக் கையில் கொடுப்பது செல்லாது. பத்திரப் பதிவுக்கு நேரில் வர முடியாவிட்டால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்ற பவர் பத்திரம் அனுப்புங்கள். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

அப்புறம், என்ஆர்ஓ கணக்கில் விழும் விற்பனைப் பணத்தை, வரி கட்டிய பிறகு, ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை வெளியே கொண்டுபோகலாம்.