கல்லறைக்குப் பூ வைக்கும் நாள்

கேள்வி: அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் இருக்கும் சின்ன ஊர்களில், ஊர் வரலாற்றையும் இறந்துபோன சொந்தங்களையும் எப்படி நினைவுகூர்கிறார்கள்?

நான் இருப்பது இல்லினாய் மாநிலத்தின் தென்பகுதியில், மர்ஃபிஸ்பரோ என்ற ஊரில். இங்கே நீங்கள் கேட்ட இரண்டும் ஒரே நாளில், ஒரே இடத்தில் நடக்கும். மே மாதக் கடைசித் திங்கட்கிழமை, கல்லறைத் தோட்டத்தில். காலண்டரில் அது மெமோரியல் டே. வயதானவர்கள் இன்னும் பழைய பேரைச் சொல்லி டெக்கரேஷன் டே என்கிறார்கள். கல்லறைக்குப் பூ வைக்கிற நாள்.

அந்த நாளுக்கும் எங்கள் ஊருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் அடிமைமுறையை ஒட்டி மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கின் தளபதிகளில் ஒருவராக இருந்த ஜான் லோகன் 1826-ல் இங்கே பிறந்தவர். போர் முடிந்த மறு வருடம், 1866 ஏப்ரல் 29 அன்று, பக்கத்து ஊரான கார்பன்டேலின் வுட்லான் கல்லறைத் தோட்டத்தில் போர்வீரர்களுக்கு அஞ்சலி செலுத்த ஊரே கூடியது. அன்று பேசியவர் அவர். 1868-ல் முன்னாள் போர்வீரர் சங்கத்தின் தலைவராக, மே 30 அன்று நாடு முழுக்க வீரர்களின் கல்லறைகளுக்குப் பூ வைக்கும்படி உத்தரவு போட்டவரும் அவரே. அது கடைசித் திங்களுக்கு மாறியது 1971-ல். முதலில் தொடங்கியது நாங்கள்தான் என்று சொல்லும் ஊர்கள் நிறைய இருக்கின்றன. அந்த வழக்குக்கு நான் போகவில்லை.

லோகனைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கறுப்பின மக்கள் இல்லினாயில் குடியேறவே கூடாது என்று 1853-ல் வந்த சட்டத்தை முன்னின்று கொண்டுவந்தவர் அவர். போர் அவரை மாற்றியது. பிறகு அதே மக்களின் உரிமைக்காகப் பேசினார். சொந்த ஊர்க்காரரைக் கொண்டாடும்போது இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மேடைப் பேச்சு, துப்பாக்கி மரியாதை, மதியம் வரை அரைக்கம்பத்தில் பறக்கும் கொடி எல்லாம் இங்கேயும் உண்டு. ஆனால் எனக்கு இந்த நாளைக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பாட்டி. நான் குடிவந்த முதல் வருடம், வாளி தூக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார். போனேன்.

இங்கே இந்த நாளின் பூ பியோனி. ரோஜாவைவிடப் பெரியது, மொட்டில் எறும்பு மொய்க்கும். எங்கள் பக்கம் வெயில் சீக்கிரம் வந்துவிடுவதால் மே மாத நடுவிலேயே பூத்து உதிர்ந்துவிடும். அதனால் பாட்டி மொட்டாகவே வெட்டிவிடுவார். விரலால் அமுக்கிப் பார்ப்பார். கல்லாக இருந்தால் விட்டுவிடுவார், பஞ்சு மாதிரி லேசாக அமுங்கினால் வெட்டுவார். இலையை உருவிவிட்டு, செய்தித்தாளில் சுற்றி, ஃப்ரிட்ஜில் படுக்க வைப்பார். பக்கத்தில் ஆப்பிள் இருக்கக் கூடாது, மொட்டு கெட்டுப்போகும். இரண்டு வாரம் கழித்து எடுத்துத் தண்ணீரில் வைத்தால் மலர்ந்துவிடும். பூச்சாடி, காலி காபி டப்பாதான். வெளியே அலுமினியத் தாள், உள்ளே காற்றில் சாயாமல் இருக்க நாலு கூழாங்கல்.

கல்லறைக் கல்லைக் கழுவ வெறும் தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். பிளீச் ஊற்றினால் பழைய கல் அரித்துப்போகும். தேய்த்துக்கொண்டே பாட்டி ஒவ்வொரு பெயரையும் சத்தமாக வாசித்தார். இவர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், இவள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் காய்ச்சலில் போனவள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி.

அடுத்த வரிசையில் ஒரு குழந்தையின் சின்னக் கல், மேலே ஆட்டுக்குட்டி செதுக்கியிருந்தது. இறந்த தேதி 1925 மார்ச் 18. தள்ளி இன்னொரு கல், அதே தேதி. அதற்குப் பக்கத்திலும் அதே தேதி. அப்போதுதான் கேட்டேன். மிசௌரியில் கிளம்பி இல்லினாயைக் கடந்து இந்தியானா வரை தரையோடு தரையாகப் போன சூறாவளி அது. மொத்தம் 695 பேர் இறந்தார்கள். அதில் 234 பேர் எங்கள் ஊரில். ஒரே ஊரில் ஒரு சூறாவளிக்கு இத்தனை பேரை அமெரிக்கா வேறெங்கும் பறிகொடுத்ததில்லை. பிற்பகல் நேரம், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். இந்த எண்களை நான் முன்பே படித்திருந்தேன். ஆட்டுக்குட்டியின் காதில் படிந்த பாசியைத் தேய்த்தபோதுதான் அது எனக்குள் இறங்கியது.

அந்தக் குழந்தை பாட்டிக்குச் சொந்தமில்லை. அந்தக் குடும்பம் என்றோ ஊரைவிட்டுப் போய்விட்டது. பாட்டியின் அம்மா, அவர்களுடையதையும் நாம்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லி வளர்த்தாராம். அதனால் ஒவ்வொரு வருடமும் ஒரு டப்பா அதிகமாகவே தயாராகும். நம்மூரில் ஆளில்லாத வீட்டு வாசலுக்கும் சேர்த்துக் கோலம் போடுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஞாபகம் வந்தது.

இரண்டு வருடம் முன்பு பாட்டிக்கு முழங்கால் முடியாமல் போனது. எந்தக் கல், எந்த வரிசை, யார் என்று பென்சிலால் எழுதிவைத்திருந்த தாளை என்னிடம் கொடுத்தார். அந்த வரிசையை இப்போது நான் பார்க்கிறேன். அவர் காரில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்வார். நான் பெயரை வாசிப்பேன். தப்பாக உச்சரித்தால் அங்கிருந்தே திருத்துவார்.

இந்த வருடம் பியோனி ஒரு வாரம் முந்திக்கொண்டது. பதினான்கு மொட்டு, செய்தித்தாளில் சுற்றி ஃப்ரிட்ஜில் இருக்கிறது. ஆப்பிளை வெளியே எடுத்து வைத்துவிட்டேன்.