பாறை முனைக்கு அப்பால் இருக்கும் கடற்கரை: எப்போது போகலாம்?

கேள்வி: பாறை முனையைச் சுற்றி நடந்தால்தான் போய்ச் சேர முடிகிற ஒரு ஒதுக்குப்புறக் கடற்கரைக்குப் பத்து வயது மகளோடு போகிறோம். செங்குத்துப் பாறைகளும் குகைகளும் உண்டாம். காலையில் போவது நல்லதா?

பதில்: காலையா மாலையா என்பதை வெயிலை வைத்து முடிவு செய்யாதீர்கள். கடல் வற்றும் நேரம்தான் முக்கியம். அந்த இடத்துக்கான ஓத அட்டவணையை, அதாவது கடல் நீர் ஏறி வற்றும் நேரப் பட்டியலைப் பாருங்கள். நீர் மிகவும் தாழும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு கிளம்புங்கள். அது தாழ்ந்து முடிந்ததும் திரும்பத் தொடங்கிவிடுங்கள்.

இதில் பலரும் ஏமாறுவது ஓரிடத்தில்தான். பெரும்பாலான கரைகளில் நீர் ஏற ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஆகும். ஆனால் ஒரே சீராக ஏறாது. முதல் மணி நேரத்தில் கொஞ்சம்தான் ஏறும். நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டும் ஏறக்குறைய பாதி ஏறிவிடும். 'இன்னும் தூரத்தில்தானே இருக்கிறது' என்று உட்கார்ந்திருக்கும்போதே வந்த வழி மூடிவிடும். நேற்றைய நேரமும் இன்றைக்கு உதவாது. தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடல் அதிகமாக வற்றும், அதே அளவுக்கு உயரவும் செய்யும். காற்றும் பேரலையும் இருந்தால் அட்டவணையில் உள்ளதைவிட நீர் மேலே வரும். அன்று போகவே வேண்டாம்.

குகைக்குள் நுழையும் முன் சுவரைப் பாருங்கள். பாசியும் சிப்பியும் ஒட்டியிருக்கும் உயரம் வரை நீர் வரும் என்று அர்த்தம். வாசல் தாழ்வாகவும் உள்ளே மேடாகவும் இருந்தால் வாசல்தான் முதலில் அடைபடும். நீந்தி நுழையும் குகைகள் வேறு விஷயம். தாய்லாந்தின் முக் தீவில் உள்ள மரகதக் குகையில் சுமார் 80 மீட்டர் இருட்டில் நீந்தினால்தான் உள்ளே இருக்கும் கடற்கரை வரும். அப்படிப்பட்ட இடத்துக்கு வழிகாட்டி இல்லாமல் குழந்தையைக் கூட்டிப் போகாதீர்கள்.

அப்புறம், பாறையடி நிழல். வெயிலில் அதுதான் இழுக்கும், ஆனால் அங்கே பாய் விரிக்காதீர்கள். கூர்முனை மழுங்காத கற்கள் கீழே கிடந்தால் அவை சமீபத்தில் விழுந்தவை. மழை பெய்த மறுநாள் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

வழுக்காத செருப்பு, விளக்கு, குடிநீர் வேண்டும். கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காமல் போகலாம் என்பதால், திரும்பும் நேரத்தை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

ஒருவேளை வழி அடைபட்டுவிட்டால் முனையைச் சுற்றி நீந்தவோ பாறையில் ஏறவோ முயல வேண்டாம். ஈரம் படாத மேட்டு மணலில், கல் விழும் இடத்தை விட்டு விலகி நின்று உதவிக்கு அழையுங்கள். நீர் மேட்டை எட்டாதவரை, மீண்டும் வற்றும் வரை அங்கேயே இருங்கள்.